மடி யந்திரத் தேர்வுக் குழு

ஜம்புலிங்கத்துக்கு வேண்டியிருந்தது மடியில் வைத்து அடிக்கக்கூடிய சின்ன டைப்ரைட்டர். ஒன்று போதாது, இரண்டு. அதைக் கேட்டு அறுபத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் நாலு வரி மனு எழுதினான். நாலு வரியில் எழுதியதுதான் அவன் செய்த தப்பு. பத்துப் பக்கம் எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள், கொடுத்துத் தொலைத்திருப்பார்கள். நாலே வரியாக இருந்ததால் படித்துவிட்டார்கள்.

போர்ட் பிளேரில் ஷாதிபூர் ஏற்றத்தில் தகரக் கூரை போட்ட ஆபீஸ் ஒன்று இருந்தது. குடியேற்ற நிலத் துணை ஆபீஸ் என்று பெயர். அங்கே ஜம்புலிங்கம் முகாம் தட்டச்சர். அதிகாரிகள் காட்டுப் பக்கம் முகாம் போனால் கூடவே போய், அங்கேயே உட்கார்ந்து அடித்துத் தர வேண்டியவன். விருதுநகர்க்காரன், முப்பத்து நாலு வயது, யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவன். அதிகாரி தும்மினால்கூட எழுந்து நிற்பான்.

சௌல்தாரிக்கு அந்தப் பக்கம் காட்டை வெட்டித் திருத்திய இடத்தில் நாற்பத்து மூன்று தமிழ்க் குடும்பங்களை அரசாங்கம் குடிவைத்திருந்தது. ஆளுக்கு ஐந்து ஏக்கர் வயல், ஐந்து ஏக்கர் மேடு. நிலம் அளந்து கல்லும் நட்டாயிற்று. பட்டாதான் பாக்கி. பட்டாவைக் காட்டினால்தான் கிடங்கில் விதைநெல் கொடுப்பார்கள். மே மாதக் கடைசியில் மழை பிடித்துவிடும், அதற்குள் விதை கையில் இருக்க வேண்டும். விட்டால் அந்த வருஷ வெள்ளாமை போச்சு. இலவச ராஷனோ டிசம்பரோடு முடிகிறது. அதற்குப் பிறகு கடல் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

பட்டாவுக்கு இரண்டு விதி. அதைச் சம்பந்தப்பட்ட நிலத்திலேயே உட்கார்ந்து தட்டச்சில் அடித்து, அங்கேயே அதிகாரிகள் கையெழுத்திட வேண்டும்; கையால் எழுதினால் செல்லாது. இது பழைய விதி. இனிமேல் எந்தக் காகிதமும் மேல்பாதி இங்கிலீஷிலும் கீழ்பாதி ஹிந்தியிலும் இருக்க வேண்டும் என்பது புது விதி. வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தது தமிழ். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

ஆபீசில் இருந்த பழைய மெஷின் அம்மிக்கல் கனம். ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொண்டுபோய் இடுப்பொடிந்து கிடந்தது. அதனால்தான் மனு. 'இங்கிலீஷ் ஒன்று, ஹிந்தி ஒன்று கொடுத்தால், மேல்பாதியை இதில் அடித்து, காகிதத்தை உருவி, கீழ்பாதியை அதில் அடித்துவிடுவேன்.' அவ்வளவுதான் விஷயம். ஹிந்தித் தட்டச்சையும் அவன் சாயங்கால வகுப்பில் படித்துப் பாஸ் செய்திருந்தான்.

மனுவைப் படித்த அதிகாரி ஜெகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, ரெண்டு மெஷின் கேக்குறியே, உனக்கு எத்தனை மடி இருக்கு?"

"ஒண்ணுதான் சார்."

"அப்ப ஒரு மெஷின்தான். எதுன்னு கமிட்டி போட்டு முடிவு பண்ணணும்."

கமிட்டி போட்டார்கள். மடி யந்திரத் தேர்வுக் குழு என்று பெயர் வைத்து ரப்பர் ஸ்டாம்பும் செய்தாயிற்று. ஜெகநாதன் ஒரு உறுப்பினர், அவருக்குச் சமமான பதவியிலிருந்த பாலசுப்பிரமணியம் இன்னொரு உறுப்பினர். ஜெகநாதன் இங்கிலீஷ் கட்சி, பாலசுப்பிரமணியம் ஹிந்திக் கட்சி. முன்னவர் மன்னார்குடி, பின்னவர் கும்பகோணம். வீட்டில் இரண்டு பேருமே தமிழில்தான் திட்டு வாங்கினார்கள்.

முதல் கூட்டத்தில் பாலசுப்பிரமணியம் உணர்ச்சிவசப்பட்டார். "எனக்கு ஹிந்தி தெரியாதுன்னு சில பேர் பேசிக்கிறா. ஆமா, தெரியாது. தெரியாததனாலதான் அதுமேல எனக்கு இவ்வளவு பக்தி. பகவானைத் தெரிஞ்சுண்டா கும்பிடறோம்? மேலிடத்துக்குப் பிடிச்சிருக்கு, நமக்கும் பிடிச்சாகணும். இதுக்கு மேல என்ன மொழிப்பற்று வேணும்?"

ஜெகநாதன் விடவில்லை. "மிஸ்டர், நான் இங்கிலீஷ்லயே யோசிக்கிறவன். சில நாள் யோசனையே வராது. அப்பவும் இங்கிலீஷ்லதான் வராது. முப்பது வருஷ சர்வீஸ் இப்படித்தான் ஓடியிருக்கு."

ஜம்புலிங்கம் குறிப்பெடுத்துக்கொண்டான். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது, தான்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டோமோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பேரும் வாங்கிப் பார்த்து, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மாதிரிக்கு மொழிக்கொன்றாக இரண்டு மெஷின்களை மெயின்லேண்டிலிருந்து வரவழைப்பது என்று முடிவாயிற்று. மார்ச் மாதம் கப்பல் வந்தது. கப்பல் வரும் நாளில் போர்ட் பிளேரில் எந்த ஆபீசிலும் ஈ காக்கை இருக்காது, எல்லாரும் கப்பல் துறையில்தான். இரண்டு பெட்டிகளையும் ஜம்புலிங்கம் கைக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி வந்தான். கைக்கடக்கமாக, ஆறு ஆறு சேர்தான் கனம். அன்றைக்கே சௌல்தாரிக்குப் போய் அடித்திருந்தால் நாலு நாளில் நாற்பத்து மூன்றும் முடிந்திருக்கும்.

பெட்டிகள் பல்பு அலமாரிக்குள் போயின. தீவின் ஈரத்துக்குத் தோல் செருப்பு முதல் சான்றிதழ் வரை எல்லாம் பூசணம் பூத்துவிடும் என்று, உள்ளே ஒரு பல்பை எரியவிட்டு வைத்திருக்கும் அலமாரி அது. பாலசுப்பிரமணியம் தம் கல்யாணக் கம்பளிக் கோட்டை அதில்தான் தொங்கவிட்டிருந்தார். அலமாரிக்கு இரண்டு பூட்டு. கட்சிக்கு ஒரு சாவி.

"சார், நான் ஒரு தடவை அடிச்சுப் பார்த்துச் சொல்லட்டுமா?" என்றான் ஜம்புலிங்கம்.

இரண்டு கட்சியும் முதல் முறையாக ஒன்று சேர்ந்தன. "நீ தொடவே கூடாது" என்றார் ஜெகநாதன். "அடிக்கப் போறவன் நீ. உனக்கு எது வசதின்னு பார்ப்பே. அது பாரபட்சம்."

"நடுநிலைமை வேணும்னா தட்டத் தெரியாதவாதான் தொடணும்" என்றார் பாலசுப்பிரமணியம்.

அந்த வாரமே தனபாக்கியம் வந்தாள். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. நாற்பத்து மூன்று குடும்பத்திலும் எந்தக் கொம்பனுக்கும் பயப்படாத ஆள் அவள்தான் என்று, ஆபீஸ் காரியத்துக்கெல்லாம் அவளையே லாரி ஏற்றி அனுப்பிவைப்பார்கள்.

"என்ன தம்பி, பொட்டி வந்துருச்சாமே?"

"வந்துருச்சுக்கா. அலமாரியில இருக்கு."

"எடுத்து அடிக்க வேண்டியதுதான?"

"நான் தொடக் கூடாதாம்."

"பெறகு எவன் தொடணுமாம்?"

"அடிக்கத் தெரியாதவங்க."

தனபாக்கியம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாருக்குய்யா உங்க நாயம். கிடங்குக்காரன் என்னடான்னா எப்பப் போனாலும் 'கல் ஆவோ, கல் ஆவோ'ங்கறான். அவன் சொல்ற நாளைக்கு என்னைக்குத்தான் விடியுமோ தெரியல. மேகத்துக்கிட்ட போயி நானும் அதையே சொல்லவா, நாளைக்கு வான்னு?"

ஜம்புலிங்கம் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

ஏப்ரலில் குழு மடியை ஆராய்ந்தது. யந்திரம் மடிக்குத் தகுந்ததாக இருக்க வேண்டுமானால் மடியின் அளவு தெரிய வேண்டாமா? அபர்தீன் பஜார் தையல்காரர் உதயசூரியனைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"சாப், இடுப்பு அளப்பேன், தோள் அளப்பேன். மடி அளக்கச் சொல்லி இந்தத் தீவுல எவனும் என்னைக் கூப்பிட்டதில்ல."

ஜம்புலிங்கத்தின் மடி பதினாலரை அங்குலம் என்று தேறியது. ஆனால் ஜம்புலிங்கம் நிரந்தரமா? நாளை மாற்றலானால் வேறு மடி வரும். ஆகையால் சராசரி மடி காண வேண்டும் என்று ஆபீசில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து அளந்தார்கள். அதிகாரிகளின் மடி இரண்டும் பதவிக்கேற்றபடி வயிற்றுக்கடியில் ஒதுங்கியிருந்ததால் நான்கு அங்குலத்துக்கு மேல் நாடா எட்டவில்லை. உள்ளதைச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று தையல்காரர் இருபது என்று எழுதினார். அதற்குள் கணக்கர் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டார்: உட்கார்ந்தால் இருக்கிறது, எழுந்தால் காணாமல் போகிறது, அப்படிப்பட்ட ஒன்றை அரசாங்கப் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது? அதற்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டு எழுதி, பதில் வர மூன்று கப்பல் காத்திருந்தார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் தனபாக்கியம் வந்து திட்டிவிட்டுப் போனாள்.

மே மாதம் களச் சோதனை. தீவுச் சூழ்நிலையை யந்திரம் தாங்குகிறதா என்று பார்க்க வண்டூர்க் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். இரண்டு ஜீப், ஒரு லாரி, இரண்டு குடும்பங்கள், ஒரு சமையற்காரர், ஒரு கூடை மீன். மெஷின்களை மணலில் வைத்துவிட்டுச் சோதனைக் குழு கடலில் கால் நனைத்தது. சாப்பாடான பிறகு ஜெகநாதன் ஒற்றை விரலால் தம் பெயரை அடித்தார். பாதிப் பெயர் முடிவதற்குள் களைத்துப் படுத்துவிட்டார். பாலசுப்பிரமணியம் ஹிந்தி மெஷினைத் தொடவே இல்லை. அதற்குக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். இளநீர் விசைக்குள் இறங்கியதை ஜம்புலிங்கம் பார்த்தான். தான் பாரபட்சம் உள்ளவன் என்பதால் பேசாமல் இருந்தான்.

அப்போது இரண்டு நண்டுகள் ஹிந்தி மெஷினுக்குள் ஏறின.

"பாத்தேளா! ஜீவராசியே ஏத்துண்டுடுத்து" என்றார் பாலசுப்பிரமணியம்.

"எந்த நண்டும் இங்கிலீஷ் மெஷினைத் தொடலை. அதுதான் தரம்" என்றார் ஜெகநாதன்.

இது பற்றி இருதரப்பும் ஒன்பது ஒன்பது பக்கம் அறிக்கை எழுதின. ஒன்பதாவது பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது தகரக் கூரையில் சடசடவென்று மழை விழுந்தது. ஜம்புலிங்கம் சௌல்தாரியை நினைத்துக்கொண்டான். நாற்பத்து மூன்று குடும்பத்து வயலும் வெறுமனே நனைந்துகொண்டிருக்கும்.

ஆனால் வயல் வெறுமனே கிடக்கவில்லை. சௌல்தாரியில் முன்னமே குடியேறியிருந்த பெங்காலிகளும் மலையாளிகளும், இந்த ஜனங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, வீட்டுக்கு இரண்டு மரக்கால் விதையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். கமிட்டி போடவில்லை, மடி அளக்கவில்லை. "லே ஜாவோ", எடுத்துக்கொண்டு போ, என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜூன் முதல் வாரத்திலேயே நாற்றுப் பாவியாயிற்று.

ஜூலையில் குழு தீர்ப்புச் சொன்னது. அறுபத்தெட்டுப் பக்கம். சாரம் இதுதான்: 'முகாம் தட்டச்சருக்கு மடி ஒன்றே ஆயினும் முழங்கால் இரண்டு என்பதைக் குழு நேரில் கண்டறிந்தது. ஆகவே முழங்காலுக்கொன்றாக இரண்டு யந்திரங்களும் வழங்கப்படும். இங்கிலீஷ் பாதியில் ஜெகநாதனும் ஹிந்திப் பாதியில் பாலசுப்பிரமணியமும் கையெழுத்திடுவர். ஒருவர் பாதியை மற்றவர் பார்ப்பது கொள்கை விரோதம்.' பிப்ரவரியில் ஜம்புலிங்கம் நாலு வரியில் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. மகிழ்ச்சியோடு பட்டாப் படிவக் கட்டைப் பைக்குள் எடுத்துவைத்தான்.

"அதை எதுக்கு எடுக்கறே?" என்றார் பாலசுப்பிரமணியம். "முதல்ல இதை அடி." வேறொரு படிவக் கட்டை நீட்டினார். ஆக்கிரமிப்பு நோட்டீஸ். 'அரசாங்க நிலத்தில் பட்டா இல்லாமல் பயிர் செய்தபடியால், பதினைந்து நாளில் பயிரை அழித்துவிட்டு வெளியேற வேண்டியது. தவறினால் அடுத்த கப்பலில் மெயின்லேண்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவீர்கள்.'

"சார், பட்டா குடுக்க மெஷின் இல்லாமத்தானே சார் அவங்களுக்கு..."

"அது மெஷின் ஃபைல். இது ஆக்கிரமிப்பு ஃபைல். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

"நாலு மாசமா அலைஞ்சாங்க சார்."

"அலைஞ்சது அவங்க தப்பு" என்றார் ஜெகநாதன் நாற்காலியில் சாய்ந்தபடி. "பொறுமையா உட்கார்ந்து பட்டினி கிடந்திருந்தா, சட்டம் அவங்க பக்கம் இருந்திருக்கும்."

ஜம்புலிங்கம் இரண்டு பெட்டியோடும் இரண்டு படிவக் கட்டோடும் சௌல்தாரிக்குப் போனான். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றில் உட்கார்ந்து, இடது முழங்காலில் இங்கிலீஷையும் வலது முழங்காலில் ஹிந்தியையும் வைத்துக்கொண்டான். முன்னால் நட்ட வயல் பச்சைப் பசேலென்று கிடந்தது. ஜனங்கள் சுற்றி வந்து நின்றார்கள். தனபாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒரு வழியா வந்துட்டியே தம்பி. பட்டாதான?"

அவன் கையில் இருந்தது நோட்டீஸ் படிவம். இந்த அம்மாளின் பயிரை இவளையே பிடுங்கச் சொல்லி, அதையும் இரண்டு மொழியில் அழகாக அடித்து, இவளுக்குத் தெரியாத மொழியில் இவள் கையில் கொடுக்க வேண்டும். இதற்காகவா மடி அளந்தார்கள், இதற்காகவா தேங்காய் உடைத்தார்கள் என்று நினைத்தபோது, பிறந்தது முதல் வராத கோபம் அவனுக்கு வந்தது.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அன்று வரைக்கும் அவனுக்கு மடியில் கனமில்லாமலே பயம் இருந்தது. இன்றைக்கு இரண்டு பெட்டி கனத்தை ஏற்றியபிறகு, அந்தப் பயம் எந்தக் கப்பல் ஏறிப் போயிற்றோ தெரியவில்லை. நோட்டீஸ் கட்டைச் சுருட்டித் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"பட்டாதான்க்கா" என்றான். "முழுப்பேர் சொல்லுங்க. கிழக்கால எல்லை என்ன?"

"கிழக்க அந்த ஓடை. மேக்க மணியன் வயல்."

மேல்பாதி அடித்து, உருவி, கீழ்பாதி அடித்தான். இளநீர் குடித்த விசைகள் முதலில் ஒட்டின. தனபாக்கியம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டாள், பிறகு ஓடியது. நாலாம் நாள் மத்தியானம் நாற்பத்து மூன்றும் முடிந்தன.

ஐந்தாம் நாள் அதிகாரிகள் கையெழுத்திட வந்தார்கள். ஸ்தலத்திலேயே போட வேண்டுமே. அட்டைப்பூச்சிக்குப் பயந்து ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டார்கள்.

"நோட்டீஸ் எல்லாம் ரெடியா? ஜல்தி, ஜல்தி" என்றார் ஜெகநாதன்.

ஜம்புலிங்கம் கட்டை நீட்டினான். ஜெகநாதன் கீழ்பாதியை ஒற்றுத்தாளால் மூடிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து அடிக்கோலை எடுத்தார். மார்ஜின் ஒன்றரை அங்குலம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளையும் அளந்து கையெழுத்திட்டார். படித்துக் கையெழுத்திட்டால் அதிகாரி. படிக்காமல் கையெழுத்திட்டால் பெரிய அதிகாரி. இருபதாவது தாளில் அவர் கை நின்றது.

"இதென்னய்யா இது?"

ஜம்புலிங்கம் ஜீப்பை ஒட்டி வந்து எட்டிப் பார்த்தான்.

"மார்ஜின் கால் அங்குலம் குறையுது பார். ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா?"

"மன்னிச்சுக்குங்க சார்."

"இந்த ஒரு தடவை விடறேன்."

பாலசுப்பிரமணியம் மேல்பாதியை மூடிக்கொண்டு, ஹிந்தி எழுத்தின் தலைக்கோடு நேராகப் போகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் பார்க்க முடியாது. கோடு நேராகத்தான் இருந்தது. நாற்பத்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, "எல்லாம் அழுதுண்டு நிப்பா, நாம கெளம்பிடுவோம்" என்றார். ஜீப் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போய்விட்டது.

யாரும் அழவில்லை. ஜம்புலிங்கம் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுப் பட்டாவைக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறதென்று தமிழில் சொன்னான். தனபாக்கியம் தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஈரம் படாமல் மூங்கில் குழாய்க்குள் சுருட்டி வைத்தாள். "இந்த நாலு நாள் வேலைக்கா அஞ்சு மாசம் என்னை இழுத்தடிச்சீக? வெளங்குவீகளா?" என்று வைதுவிட்டு, அவனுக்கு வயிறு முட்டச் சோறு போட்டாள். பட்டா எண்களை ஆபீஸ் பதிவேட்டில் ஏற்றினவனும் அவன்தான். அந்தப் பதிவேட்டை யாரும் திறந்து பார்த்ததில்லை.

டிசம்பரில் மேலிடம் குழுவின் சாதனை அறிக்கையைக் கேட்டது. அதிகாரிகள் இரண்டு பேரும் சொல்லச் சொல்ல ஜம்புலிங்கம் அடித்தான்.

"எழுதிக்கோ" என்றார் ஜெகநாதன். "குழு தேர்ந்தெடுத்த யந்திரங்களால் நாற்பத்து மூன்று நோட்டீஸ் ஒரே வாரத்தில் அடித்துத் தரப்பட்டன. அதன்பின் அந்த இடத்தில் ஓர் ஆக்கிரமிப்பாளர்கூட இல்லை." நிறுத்தினார். "அது நிஜம்தானே ஜம்புலிங்கம்? நீ போய்ப் பார்த்தியே?"

"சத்தியமா நிஜம் சார். ஒருத்தர்கூட இல்ல."

"எல்லாரும் எங்கதான் போனாளாம்?" என்றார் பாலசுப்பிரமணியம்.

"அறுப்புக்குப் போயிட்டாங்க சார்."

"பாவம், கூலி வேலைக்குப் போயிட்டா போலிருக்கு" என்று அவர் பெருமூச்சு விட்டார். "நாம கண்டிப்பா இருந்ததாலதான் உழைச்சுச் சாப்பிடக் கத்துண்டா. அதையும் சேர்த்து அடி."

ஜம்புலிங்கம் அதையும் சேர்த்து அடித்தான்.